பற்றாக்குறை அந்த அரை ஷிப்டுக்குத்தான்

2021 அக்டோபரில் எங்கள் கம்பெனி அனுப்பிய குழந்தைகள் டி-ஷர்ட் சரக்கு, இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி, கடல் எல்லாம் தாண்டிப் போன சரக்குக்குக் கடைசி நூறு மைல் போக வழியில்லை. அங்கே கண்டெய்னரை இழுத்துப்போக லாரி டிரைவர் இல்லை. துறைமுகம் நிரம்பி வழிந்ததால் மெர்ஸ்க் நிறுவனம் தன் பெரிய கப்பல்கள் சிலவற்றை வேறு நாட்டுத் துறைமுகங்களுக்குத் திருப்பிவிட்டது. சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், அதாவது பையர், அனுப்பிய மெயில் மிகப் பணிவாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். திருப்பூரில் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவனுக்குத் தாமதம் என்றாலே அது தன் தலையில்தான் விடியும். அன்றைக்கு முதல் தடவையாக அது எதிர்ப்பக்கத்துத் தாமதமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் பிரிட்டனில் நடந்ததை நான் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லட்சம் டிரைவர் குறைகிறார்கள் என்று அங்குள்ள லாரி உரிமையாளர் சங்கம் சொன்னது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பிய டிரைவர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். கோவிட் காலத்தில் லைசன்ஸ் டெஸ்ட்டுகள் நின்றுபோயிருந்தன. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை. அரசாங்கம் செப்டம்பர் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது: லாரி டிரைவர்களுக்கு 5,000 தற்காலிக விசா, கிறிஸ்துமஸ் வான்கோழி வேலைக்கு 5,500 விசா. டிரைவர் விசாவுக்குக் கடைசி நாள் முதலில் டிசம்பர் 24. அதாவது, வா, எங்கள் பண்டிகைக்குச் சாமான் ஏற்றி இறக்கிக் கொடு, பண்டிகைக்கு முந்தின நாளே கிளம்பிவிடு. பெட்ரோல் டேங்கர் ஓட்ட இதுவரை வந்த பெயர்கள் 127தான் என்று பிரதமர் போரிஸ் ஜான்சனே அக்டோபரில் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குச் சில நாள் முன்பே விசா தேதியைப் பிப்ரவரி இறுதிவரை நீட்டியிருந்தார்கள். நிலைமை மெல்லச் சரியானதற்கு விசாவைவிட வேறு இரண்டு காரணங்கள் பெரியவை என்று நினைக்கிறேன். ஒன்று, லைசன்ஸ் டெஸ்ட்டை வேகப்படுத்தினார்கள். இன்னொன்று, டிரைவர் சம்பளம் நன்றாக ஏறியது.

போலந்துக்காரனும் ருமேனியாக்காரனும் மூன்று மாத விசாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடிந்தது. அவர்களுக்கு ஜெர்மனியில் வேலை இருந்தது. எங்கள் ஊருக்கு வடக்கேயிருந்து தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் பையனுக்கு அப்படிச் சிரிக்க வசதி கிடையாது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் திருப்பூரே ஓடுகிறது என்பது என் எண்ணம். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப்போகிறேன்.

திருப்பூரின் பனியன் ஏற்றுமதி 2024-25இல் 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்தது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊர். இந்த ஊரில் எந்த முதலாளியிடம் பேசினாலும் இரண்டாவது வாக்கியம் "ஆள் இல்லீங்க" என்பதாகத்தான் இருக்கும். முதல் வாக்கியம் நூல் விலை.

ஆள் எங்கே போனார்கள் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தேனி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், புதுக்கோட்டைப் பக்கமிருந்து மழை பொய்த்த ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்தார்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் கரிசல் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்து, கைமடிக்கும் ஹெல்ப்பராகச் சேர்ந்து, சிங்கர் டெய்லராகி, அனுப்பர்பாளையத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் எங்களை வளர்த்தார். அவர் மகன் பி.காம். படித்தான், ஏசி ரூமில் உட்கார்ந்து பையருக்கு மெயில் எழுதுகிறான். அவர் மகள் நர்ஸ். தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 2021-22 கணக்கின்படி 47 சதவீதம். இந்திய சராசரி 28 சொச்சம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2019-21 கணக்கெடுப்பில் இங்கே 1.8, பீகாரில் 3. இந்த நான்கு எண்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தாலே, தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் பவர் டேபிளில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். "இலவசம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க, நூறு நாள் வேலை கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை ஓவர்லாக் மெஷினில் உட்கார வைப்பார்களா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஆனால் இது முழு விடை இல்லை. திருப்பூரைச் சுற்றி உள்ளூர் ஆள் இன்னும் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள். காலையில் தாராபுரம் ரோட்டிலோ கோபி ரோட்டிலோ நின்றால் கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி உள்ள கிராமங்களிலிருந்து செக்கிங்குக்கும் தையலுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்கிறார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை வீட்டில் காத்திருக்கும், மாடு கத்தும், மாமியார் முனகுவார். அவர்களை இன்னும் மூன்று மணி நேரம் இருக்கச் சொன்னால் முகம் மாறும். இரண்டு நாள் கட்டாயப்படுத்தினால் மூன்றாம் நாள் வண்டியில் ஏற மாட்டார்கள், பக்கத்துக் கம்பெனி வண்டியில் ஏறுவார்கள்.

இங்கே "ஒன்றரை ஷிப்ட்" என்று ஒரு ஏற்பாடு உண்டு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் இரவு எட்டரை ஒன்பது வரை அரை ஷிப்ட். ஆர்டர் நெருக்கும்போது இரண்டு ஷிப்டும் ஓடும். எங்கள் பிரச்சினை எல்லாம் இந்த அரை ஷிப்டில்தான். எட்டு மணி நேரத்துக்கு ஆள் கிடைப்பது சிரமம், ஆனால் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். எந்த நாள் வேண்டுமானாலும், முன்னறிவிப்பு இல்லாமல், "இன்னைக்கு பன்னெண்டு மணி வரைக்கும் இருங்க" என்றால் இருக்கக்கூடிய ஆள்தான் கிடைப்பதில்லை. அப்படி இருக்க முடிகிறவர் யார்? குடும்பம் ஆயிரத்தைந்நூறு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவர். கம்பெனி ரூமில் தூங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைக் கடைவீதிக்குப் போவதைத் தவிர வேறு வேலை இல்லாதவர்.

அரை ஷிப்ட் ஏன் இவ்வளவு அவசியமாகிறது என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஆர்டர் உறுதியாகி சரக்கு கப்பலேற மூன்று மாதம், சில சமயம் கொஞ்சம் கூடுதலாக நாள் கொடுப்பார்கள். நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயப்பட்டறைக்கு அனுப்பி, துணி பிறகு சுருங்காமலிருக்கக் காம்பாக்டிங் முடித்து, துணி கட்டிங்குக்கு வருவதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். சாய நிறம் ஒரு சுற்று தவறினால் ஒரு வாரம். பிரிண்டிங்கில் மழைநாளில் காயவில்லை என்றால் மூன்று நாள். பையரின் ஆபீஸில் ஒருவர் லீவில் போனதால் சாம்பிள் அப்ரூவல் பத்து நாள் தள்ளிப்போனால் அதற்கு யாரும் அபராதம் கேட்பதில்லை. ஷிப்மெண்ட் தேதி மட்டும் அசையாது. ஆக, எல்லோரும் தின்ற நாட்களின் பாக்கி மொத்தமும் கடைசியில் தையலில் வந்து விழுகிறது. பதினெட்டு நாளில் தைக்க வேண்டியதைப் பத்து நாளில் தைக்க வேண்டும். தேதி தவறினால் சரக்கை ஏர்ல போடணும், அந்தச் செலவு எங்கள் தலையில். கடல்வழிக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் போய், கையிலிருந்தும் கொஞ்சம் போகும்.

இதுதான் வெளிமாநிலத் தொழிலாளி வந்து "தீர்த்து வைக்கும்" ஆள் பற்றாக்குறை. மிலானிலோ மான்செஸ்டரிலோ யாரோ எடுக்கத் தவறிய முடிவின் கனம், பையரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கு, அவரிடமிருந்து கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு, அங்கிருந்து ஆள் கொண்டுவரும் காண்ட்ராக்டருக்கு என்று இறங்கி இறங்கி, பீகாரின் சமஸ்திபூரிலிருந்து வந்த இருபது வயதுப் பையனின் தூக்கத்தில் போய் நிற்கிறது.

சரி, அதற்காவது நியாயமான விலை கொடுக்கிறோமா? தொழிற்சாலைச் சட்டம் 1948இன் 59ஆம் பிரிவு, மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று தெளிவாகச் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. நான் பார்த்த பல இடங்களில் அரை ஷிப்டுக்குக் கிடைப்பது அரை ஷிப்ட் கூலிதான், இரட்டிப்பெல்லாம் கிடையாது. சில பெரிய கம்பெனிகளில், பையரின் ஆடிட் கறாராக இருக்கும் இடங்களில், ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். மற்ற இடங்களில் பீஸ் ரேட் என்ற பெயரில் கணக்கு வேறு மாதிரி ஓடும். பீஸ் ரேட்டில் மணிக்கணக்கே இல்லையே, அப்புறம் ஓவர்டைம் எங்கிருந்து வரும்? நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் வடமாநிலத் தொழிலாளி சார்பாகப் பேச அநேகமாக யாரும் இருப்பதில்லை. சங்கத்தில் சேர அவருக்கு நேரமில்லை, சேர்த்துக்கொள்ளச் சங்கத்துக்கு மொழியில்லை.

காண்ட்ராக்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் அவர்களை வில்லனாக்குவார்கள். எங்களுக்கு ஆள் கொண்டுவருபவர் பத்து வருடத்துக்கு முன்னால் தானே பேட்லாக் என்ற தையல் மெஷின் ஓட்டும் டெய்லராக வந்தவர். இப்போது நன்றாகத் தமிழ் பேசுகிறார், கொங்கு இழுவையோடு. ஊரில் அட்வான்ஸ் கொடுத்து, டிக்கெட் போட்டு, ரூம் பிடித்து, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், போலீஸ் பிடித்தால் போய் நின்று எல்லாம் பார்த்துக்கொள்கிறார். ஆளுக்கு ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு என்று கமிஷன். கம்பெனிக்கு இதில் பெரிய வசதி என்னவென்றால், நூற்றைம்பது பேர் வேலை செய்தாலும் ஹெச்.ஆர். பார்க்க வேண்டியது ஒரு போன் நம்பரை மட்டும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்றே 1979இல் ஒரு சட்டம் வந்தது. காண்ட்ராக்டர் லைசன்ஸ் எடுக்க வேண்டும், தொழிலாளிக்கு இடப்பெயர்வுப் படியாக மாதச் சம்பளத்தில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும், போக வரச் செலவும் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இந்தப் படியை வாங்கிய ஒருவரை நான் சந்தித்ததே இல்லை. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டம் அவற்றுக்குள் கரைந்தது. காண்ட்ராக்டர் இல்லாமல் தானாக வந்தவரையும் புதிய சட்டம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, அது நல்ல மாற்றம். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் செலவையும் சொல்கிறது. ஆனால் அந்த இடப்பெயர்வுப் படி காணாமல் போய்விட்டது. யாருமே கொடுக்காத ஒன்றை எடுத்துவிட்டதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கேட்டு வாங்க ஒரு பிடி இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதுகூட நீண்ட நாள் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2023 மார்ச் முதல் வாரத்தில் அது சந்திக்கு வந்தது. பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ எப்போதோ நடந்த சண்டைகளை எடுத்து "தமிழ்நாடு" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். ஹோலி மார்ச் 8. எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், போகத் திட்டமில்லாதவர்களும் சேர்ந்து கிளம்பினார்கள். ஊரிலிருந்து அம்மாக்கள் போன் செய்து அழுதார்கள். எங்கள் லைனில் ஒரு பையன் பாதி தைத்த பண்டிலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் முகத்தில் இருந்தது நிஜமான பயம். இத்தனைக்கும் அவன் ரூமுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருநூறு அடிதான்.

அப்புறம் நடந்தது சுவாரசியமானது. டி.ஜி.பி. வீடியோ வெளியிட்டார். முதலமைச்சர்கள் போனில் பேசிக்கொண்டார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. வதந்தி பரப்பிய யூடியூபர் ஒருவர் கைதானார். திருப்பூர் போலீஸ் இந்தியில் பேச ஆள் வைத்து உதவி எண் கொடுத்தது. அதுவரை "வடக்கன்" என்று பேசிக்கொண்டிருந்த முதலாளிகள் "நம்ம பசங்க" என்று மைக்கில் பேசினார்கள். அதே வாரம் கம்பெனிகளில் எத்தனை பேர், எந்த ஊர் என்று அதிகாரிகள் பட்டியல் கேட்டார்கள். எங்களிடம் பாதிப் பேருக்கு ஊர்ப் பெயர்கூடக் கிடையாது, காண்ட்ராக்டர் பெயர் மட்டும்தான் இருந்தது. பேட்ஜ் போட்டு, போட்டோ எடுத்து, ஆதார் வாங்கி, மூன்று நாளில் ஒரு எக்ஸெல் ஷீட் தயாரானது. கோவிட் ஊரடங்கில் ஊர் திரும்ப விட்ட ஷ்ராமிக் ரயிலுக்காகக் கும்பல் கும்பலாக நின்றபோதும், அப்புறம் அவர்களைத் திரும்ப அழைத்துவர முதலாளிகள் பஸ் அனுப்பியபோதும் வராத புத்தி, ஷிப்மெண்ட் சீசனில் லைன் காலியானபோது வந்தது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். ஒடிஸா, ஜார்கண்ட் கிராமங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். பலர் மத்திய அரசின் கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் ஊரிலேயே தையல் கற்றுக்கொண்டு, பயிற்சி மையம் மூலம் இங்கே வேலைக்கு அனுப்பப்படுகிறவர்கள். ஹாஸ்டலில் தங்குகிறார்கள். ஞாயிறு அன்று வார்டனோடு கூட்டமாகக் கடைக்குப் போய்க் கூட்டமாகத் திரும்ப வேண்டும். பாதுகாப்புக்காக என்று சொல்வார்கள். ஊரில் பெற்றவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் கேட் பூட்டின் சாவி வைத்திருப்பவரே ஓவர்டைம் லிஸ்ட்டும் எழுதினால் அது பாதுகாப்பா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு முன் நூற்பாலைகளில் தென்மாவட்டப் பெண்பிள்ளைகளை மூன்று வருடம் வைத்திருந்து, கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று "சுமங்கலித் திட்டம்" ஓட்டிய ஊர்கள்தானே நாம். வந்த பெண்களில் நிறையப் பேர் ஆறேழு மாதத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள். "ஒடியா பொண்ணுங்க நிக்கறதில்லீங்க" என்று சூப்பர்வைசர் குறைப்படுவார். ஏன் நிற்கவில்லை என்று கேட்டால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார். சாப்பாடும் ஒரு காரணம்தான்.

இப்படி ஆட்களை நம்பி ஓடும் தொழிலுக்கு ஒரு விசித்திரமான பலவீனம் உண்டு. எங்கள் உற்பத்தித் திட்டத்தை முடிவு செய்வதில் நியூயார்க் அளவுக்கு பீகாருக்கும் பங்கு இருக்கிறது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை. பீகார்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. வசந்த கால, கோடைக்கால ஆர்டர்கள் தையலில் இருக்கும் நேரமும் அதுதான். ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்னால் திறக்கிறது. முன்பு நூற்றிருபது நாள். டிக்கெட் கிடைக்காதவன் பொதுப்பெட்டியில் கழிவறைப் பக்கம் நின்றுகொண்டாவது போவான், போகாமல் இருக்க மாட்டான். அதனால் கெட்டிக்கார புரொடக்‌ஷன் மேனேஜர்கள் ஆகஸ்டிலேயே யார் யார் டிக்கெட் போடப் போகிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்வார்கள்.

2025இல் எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவுக்குப் போகும் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி. அமெரிக்க ஆர்டர்கள் பாதியில் நின்றன, தைத்து பேக்கிங் ஆன சரக்கைக்கூட "ஹோல்ட்" என்றார்கள். அதே சமயம் பீகாரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம், பெயர் இருக்கிறதா விட்டுப்போனதா என்ற கவலை. அக்டோபர் கடைசியில் சட் பூஜை, நவம்பர் 6, 11 தேதிகளில் சட்டமன்றத் தேர்தல். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, "பசங்கள இந்தத் தடவ கொஞ்சம் சீக்கிரமே அனுப்பிச்சுருங்க, ஓட்டெல்லாம் போட்டுட்டு நிதானமா வரட்டும்" என்று சொன்னார்கள். கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது! ஆர்டர் இல்லாத இரண்டு மாதத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் உள்விஷயம். உள்ளூர் ஆளை அப்படி அனுப்ப முடியாது. யூனியன் ஆபீஸுக்குப் போவார், அல்லது பக்கத்துத் தெரு என்பதால் தினமும் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பீகார்ப் பையனை ரயில் ஏற்றிவிட்டால், அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவை அவனுடைய அப்பாவின் நெல் வயல் பார்த்துக்கொள்ளும். அமெரிக்க வரியின் ஒரு பகுதியை தர்பங்கா மாவட்டத்து விவசாயி ஒருவர் கட்டினார் என்று சொன்னால் மிகையில்லை.

ஜனவரியில் திரும்பக் கூப்பிட்டோம். வந்தார்கள், ஆனால் எல்லோரும் வரவில்லை. சிலர் சூரத் போய்விட்டார்கள், சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்கு. சிலர் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். இந்தக் கடைசி வகைதான் இங்கே யாரும் கணக்கில் எடுக்காதது. 2020 ஊரடங்கில் சூரத்திலிருந்தும் லூதியானாவிலிருந்தும் நடந்தும் ரயிலேறியும் போனவர்களைச் சேர்த்து, பீகாரின் மேற்கு சம்பாரன் மாவட்டம் சன்பட்டியாவில், சும்மா கிடந்த அரசுக் கிடங்குகளில் துணி யூனிட்டுகள் போட்டுக் கொடுத்தார்கள். முசாபர்பூரில் பை தைக்கும் தொழிற்பேட்டை ஒன்று வந்திருக்கிறது. 2022இல் பீகார் அரசு ஜவுளிக்கும் தோல் தொழிலுக்கும் தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஒடிஸாவிலும் ஜார்கண்டிலும் பெங்களூர், டெல்லிப் பக்கத்துப் பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனிகள் பேக்டரி போட்டு வருடங்கள் ஆகின்றன. இவையெல்லாம் நாளைக்கே திருப்பூரைக் கவிழ்த்துவிடாது. சாயப்பட்டறையும் நூலும் பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் பத்து கிலோமீட்டருக்குள் கிடைக்கும் ஊர் அங்கே இன்னும் உருவாகவில்லை. ஆனால் திருப்பூரில் பத்து வருடம் பேட்லாக் ஓட்டியவன்தான் அங்கே போய் லைன் போடுகிறான். அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததும் நாம்தான், அவனை இருக்கவிடாமல் செய்ததும் நாம்தான்.

எங்கள் மீட்டிங்கில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அரசாங்கம் ஹாஸ்டல் கட்டித்தர வேண்டும் என்பதுதான் முதல் யோசனையாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரிப் பெண்களுக்கு 18,720 பேர் தங்கும்படி அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டியதைக் காட்டினார்கள். நல்ல ஹாஸ்டல் வரட்டும், பத்துக்குப் பத்து ரூமில் எட்டுப் பேர் படுப்பதைப் பார்த்தவனுக்கு அதில் எதிர்ப்பு இருக்க முடியாது. எனக்கு இருந்த சந்தேகம் வேறு. ஹாஸ்டல் வந்தால் அரை ஷிப்டுக்கு ஆள் கையெட்டும் தூரத்தில் இருப்பான். அந்த அரை ஷிப்டின் விலை அப்படியே இருக்கும்.

அதனால் ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். பன்னிரண்டு மணி நேர வேலையில் நான்கு மணி நேரம் மிகை நேரம். அதற்குச் சட்டப்படி இரட்டிப்பு கொடுத்தால் தையல் கூலி மூன்றில் ஒரு பங்கு ஏறும். எங்கள் சாதாரண டி-ஷர்ட்டில் அது பீஸுக்கு ஐந்தாறு ரூபாய் வருகிறது. பையரின் பணத்தில் ஆறேழு சென்ட். இரட்டிப்பு கொடுத்தால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, அரை ஷிப்ட் ஓட்டுவதற்கு முன்னால் நாங்களே இரண்டு தடவை யோசிப்போம், சாம்பிள் அப்ரூவலுக்குப் பையரை இன்னும் அழுத்திக் கேட்போம். இன்னொன்று, சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் வைத்தால், கம்பெனி வண்டியில் வரும் பெண்களிலேயே சிலர் இருப்பார்கள். ஒரு அக்காவிடம் கேட்டும் பார்த்தேன். "டபுள்னா வாரத்துல மூணு நாள் இருப்பேன் தம்பி. எங்க வூட்டுக்காரரு பால் கறந்துக்குவாரு" என்றார்.

முதலாளி பேப்பரை முழுதாகப் படித்தார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். "கணக்கு சரிதானுங்க. அந்த ஆறு சென்ட்ட நீங்களே பையர்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றார்.

அடுத்த ஆர்டருக்கு விலைக் கணக்குக் காட்டும் காஸ்டிங் ஷீட்டில் அதைத் தனி வரியாகவே போட்டு அனுப்பினேன். ஐரோப்பியப் பையர், வருடா வருடம் தொழிலாளர் நலன் பற்றி எண்பது பக்க அறிக்கை வெளியிடுகிறவர். ஒரே நாளில் பதில் வந்தது: இந்த வரியை எடுத்துவிட்டுத் திருத்திய விலையை அனுப்பவும், வங்கதேசத்திலிருந்து குறைந்த விலை கையில் இருக்கிறது. எடுத்துவிட்டு அனுப்பினேன், ஆர்டர் கிடைத்தது. அந்த ஸ்டைல் இப்போது பவர் டேபிளில் ஏறியிருக்கிறது. சாயம் ஒரு சுற்று தவறியதில் ஒன்பது நாள் போய்விட்டது. காண்ட்ராக்டரிடம் நாற்பது பேர் கேட்டிருக்கிறோம், இருபத்தெட்டுப் பேர் தன்பாத் வண்டியில் ஏறியிருப்பதாகச் சொல்கிறார்.